புது இலைதான் மஞ்சள்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், தையல் மெஷின் சுகம், செடிகளுக்குத்தான் சுகமில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "ம்... ம்..." கொட்டியே தப்பித்துவிடுகிறாய். போன மாதம் இரண்டு தடவை செடியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு தடவையும் "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. காகிதத்தில் "ம்" கொட்ட முடியாது, பார்.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி நான்கு பாத்தி போட்டிருக்கிறேன். தக்காளி, பீன்ஸ், வெண்டை, வெள்ளரி. வருஷக்கணக்காக வீட்டுக்குக் காய் வாங்கியதில்லை, தெருவுக்கும் கொடுக்கிறேன். இந்தத் தடவை எல்லாம் மஞ்சளடிக்கிறது. முதலில் பீன்ஸ், பிறகு தக்காளி. நான் தையல்காரி, நிறத்தைப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். வெளுத்துப்போன எலுமிச்சை நிறம். நரம்பு மட்டும் பச்சையாக, மஞ்சள் துணியில் பச்சை நூல் ஓட்டிய மாதிரி நிற்கிறது. அடியிலை நன்றாகத்தான் இருக்கிறது. நுனியில் வரும் புது இலைதான் மஞ்சள். இதைக் கவனித்துப் படி: புது இலை.

மாடியில் குடியிருக்கும் டீச்சரின் மகளை நீ பார்த்திருக்கிறாய். நான்கு வயசு. "திருடி" என்றுதான் கூப்பிடுவேன். தக்காளி பழுத்தால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். பறித்து, சட்டையில் துடைத்து, அங்கேயே நின்று தின்றுவிட்டுத்தான் படியேறுவாள். நேற்று என்னிடம் கேட்கிறாள், "செடிக்குக் காய்ச்சலா?" என்று. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கிற ஆய்வகத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் தம்பியை வைத்துக்கொண்டு, நான் அந்தப் பொடிசுக்குப் பதில் தெரியாமல் விழிக்கிறேன்.

ஒழுங்காக ஒரு பதில் எழுது.

தபால்காரர் மணியோசைக்குக் காது வைத்திருக்கும்,
அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அவளுக்குக் கொஞ்சம் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மெஷினுக்கு மோட்டார் போட்டுக்கொள் என்று எத்தனை தடவைதான் சொல்வது.

இலை மஞ்சளாவது சாதாரண விஷயம், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலையெல்லாம் முதலில் பழுக்கும். மக்கிய உரம் ஒரு கூடை போடு. வேரில் தண்ணீர் தேங்கினாலும் இப்படி ஆகும், அதனால் தண்ணீரைக் குறை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்று. கிணற்றுத்தண்ணீர் வேண்டாம், உப்பாக இருக்கும்.

என்னைக் கேட்டால் இந்த வருஷம் தோட்டத்தையே விட்டுவிடலாம். மண்ணுக்கும் ஓய்வு வேண்டுமே. காய்க்குப் பதிலாக நாலு பூச்செடி வைத்துப் பாரேன், வாசலுக்கும் அழகாக இருக்கும்.

இங்கே வேலை தலைக்கு மேல். அதனால்தான் தாமதம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நலம். உன் மனைவியின் சளி போய்விட்டதில் சந்தோஷம். என் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ என் கடிதத்தைப் படி.

நான் என்ன எழுதினேன்? புது இலை. அடியில் கோடு மட்டும்தான் போடவில்லை. நீ என்ன பதில் எழுதுகிறாய்? அடியிலை. ரவிக்கைக்கு அளவு கொடுத்தால் தலையணை உறை தைத்துக் கொடுக்கிற ஆளா நீ? வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் தெரியாதவர் என்று விட்டிருப்பேன். பதினைந்து வயசில் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து தாவரப் பாடத்தை வரி விடாமல் ஒப்பித்தவன் நீ. எந்தச் சத்துக் குறைந்தால் எந்த இலை பழுக்கும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீதான். அப்போது காதில் விழுந்ததை வைத்துத்தான் நான் "புது இலை" என்று எழுதினேன்.

இருந்தாலும் நீ சொன்னதையெல்லாம் செய்தேன். உரம் போட்டாயிற்று. தண்ணீரைக் குறைத்தேன், பீன்ஸ் வாடியதுதான் மிச்சம். கிணற்றுத்தண்ணீர் உப்பு என்கிறாய். முப்பது வருஷமாகக் குடிக்கிறேன், நீயும் குடித்து வளர்ந்தாய், உப்பென்று இதுவரை ஒரு வாய் சொன்னதில்லை.

பூச்செடியாம். வாசல் அழகாயிருந்தால் வயிறு நிறையுமா?

இதோடு மூன்று தக்காளி இலையும் இரண்டு பீன்ஸ் இலையும் காகிதத்துக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். கண்ணால் பார்த்துவிட்டு எழுது.

என் விரல் இடுக்கிலும் ஒரு மாதமாக அரிப்பு, தோல் உரிகிறது. அதற்கும் ஏதாவது தெரிந்தால் சொல்.

பொறுமை கொஞ்சம் மிச்சமிருக்கும்,
அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்கா,

நலமா? தாமதத்துக்குக் கோபிக்காதே.

இலைகள் வழியிலேயே நொறுங்கிப் பொடியாகிவிட்டன, பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. புது இலை என்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். உரக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள், இலைமேல் தெளி.

விரல் அரிப்புக்குக் கத்தரிக்கோல் காரணமாக இருக்கும். பளபளப்பாக முலாம் பூசிய பிடி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பிடியில் துணி சுற்றிக்கொள்.

அக்கா, ஒரு விஷயம். இந்தத் தடவை காய்த்ததை யாருக்கும் கொடுக்காதே. நீயும் சாப்பிடாதே. பறித்துக் கொட்டிவிடு. குடிக்க, சமைக்கத் தண்ணீர் கேன் வாங்கிக்கொள், போன தடவை வந்தபோதே சொன்னேன். அலட்சியமாக இருக்காதே.

வேறொன்றும் இல்லை.

என்றும் உன் நலம் நாடும்,
தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

வேறொன்றும் இல்லையா? காதில் பூச்சுற்றுவதற்கு நான் உன் மேலதிகாரி இல்லை, அக்கா.

சத்துக் குறைந்த செடியின் காயை எதற்காகக் கொட்ட வேண்டும்? இரும்பு குறைந்தால் காய் விஷமாகிவிடுமா? அப்படியென்றால் ஊரில் ஒருவரும் காய் தின்ன முடியாதே. ஒரு பக்கம் "சாதாரண விஷயம்" என்கிறாய். அதே கையால் "கொட்டிவிடு" என்கிறாய். இரண்டில் எது பொய்?

நீ எழுதியதைப் படித்த அன்று சாயங்காலம் டீச்சர் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். குழந்தையின் இரண்டு முழங்கையிலும், வாயைச் சுற்றியும் சிவந்து தடித்திருக்கிறது.

"டாக்டர் ஏதோ ஒத்துக்கலைன்னு சொல்றாருக்கா. என்ன சாப்பிட்டான்னு கேக்கறாரு. வெளியில எதுவும் வாங்கித் தர்றதில்ல. வீட்டுச் சாப்பாடு, உங்க தோட்டத்துக் காய், அவ்வளவுதான். உங்க காயில மருந்துகூட அடிக்க மாட்டீங்களே."

நான் என்ன சொல்ல? உன் கடிதம் மெஷின் இழுப்பறையில் இருந்தது. "கொஞ்ச நாள் காய் வேண்டாம், செடிக்கு ஏதோ நோய்" என்று மழுப்பி அனுப்பினேன். உன்னிடமிருந்து மழுப்பல் எனக்கும் தொற்றிக்கொண்டது.

இந்தக் குழந்தைக்கு என்னவென்று உனக்குத் தெரிந்தால் எழுது. உடம்பு எப்படி, முழங்கால் எப்படி என்று பக்கம் நிரப்ப வேண்டாம். ஒரு வரி போதும்.

அக்கா


ஏப்ரல் 24

மூன்று வாரம் தாண்டிவிட்டது. ஒரு வரிகூட இல்லை. போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

நான் என்ன செய்தேன் என்று கேள். திங்கட்கிழமை ஒரு செடியை வேரோடு பிடுங்கி உரக்கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேரைப் பார்த்தார். குட்டையாக, பழுப்பேறிக் கிடந்தது.

"இரும்புச்சத்து அடிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்படியும் தேறலைன்னா மண்ணுல இரும்பு இல்லாம இல்லம்மா. செடியை எடுக்கவிடாம வேற ஏதோ தடுக்குது. தண்ணியில வருதோ என்னவோ. பக்கத்துல பட்டறை ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. பின்சுவருக்கு அந்தப் பக்கம், சந்தின் முனையில், முன்பு மரக்கடை இருந்த இடத்தில் முலாம் பட்டறை. குழாய், கைப்பிடி, வண்டிச் சாமான் எல்லாவற்றுக்கும் பளபளவென்று நிக்கல் பூசுவார்கள். அது வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. நேராக அங்கே போனேன். பின்பக்கத்தில் வெறும் மண்குழி, ஓரத்தில் சிமெண்ட்டுகூட இல்லை. பச்சைப் பாசி மாதிரி தண்ணீர். ஒரு ஆள் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார், அவ்வளவு மரியாதை.

முதலாளி உள்ளே உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"செடி மஞ்சளாச்சுன்னா நான் என்னம்மா பண்றது? வெயில் ஜாஸ்தி."

"வெயிலுக்கு நரம்பை மட்டும் விட்டுட்டு மஞ்சளாகத் தெரியுமா?"

"ஏற்கெனவே ஒருத்தர் மனு போட்டு, ஆள் வந்து தண்ணி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாம் அளவுக்குள்ளதான். இதோ பாருங்க."

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பரிசோதனை அறிக்கை. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே பரிசோதித்தவர் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை நான் எந்த இருட்டிலும் கண்டுபிடிப்பேன். சிலேட்டில் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான்.

"தெரிஞ்சவராம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

கேட்டாயா? பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கத்தில் சொன்னேன். சந்து முனை வரைக்கும் நடந்து வந்த பிறகுதான் வெட்கம் போய்க் கோபம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. துணி வெட்டினால் கோடு கோணிப்போகிறது.

அந்தத் தேதிக்கு அடுத்த நாள்தான் நீ என் வீட்டுக்கு வந்தாய். எனக்கு நினைவிருக்கிறது, வந்ததும் வராததுமாகத் "தண்ணி கேன் வாங்கிக்கோக்கா" என்றாய். ஏன் என்று சொன்னாயா? வசதி வந்ததும் தம்பிக்கு நாக்கு நீண்டுவிட்டது என்று நினைத்து, இரண்டு வாரம் வாங்கிவிட்டு நிறுத்திவிட்டேன்.

உனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும். அதனால்தான் புது இலை உன் கண்ணில் படவில்லை. இலை பொடியாகிவிட்டது என்றாயே, பொடியானால் உங்கள் ஆய்வகத்தில் பரிசோதிக்க முடியாதா? பொடி செய்துதானே பரிசோதிப்பீர்கள்!


மே 3

அக்கா,

இது கிடைத்ததும் கிணற்று மோட்டாரை நிறுத்து. குடிக்க, சமைக்க, குளிக்க, செடிக்கு, எதற்கும் வேண்டாம். மாடியிலும் சொல்லிவிடு. மற்றதை நேரில் சொல்கிறேன்.

தம்பி


மே 7

நான்கு வரி. அதையும் தபாலில் போட்டிருக்கிறாய்.

போனை எடுத்து "தண்ணியை நிறுத்துக்கா" என்று சொல்லியிருந்தால் மூன்று நொடி ஆகியிருக்கும். தபால் வந்துசேர நான்கு நாள். அந்த நான்கு நாளும் நாங்கள் அதைத்தான் குடித்தோம். என் குரலைக் கேட்கப் பயந்துகொண்டு, அந்தக் குழந்தைக்கு இன்னும் நான்கு நாள் ஊற்றிக் கொடுத்திருக்கிறாய். யாரைக் காப்பாற்ற எழுதினாய் இதை? எங்களையா, உன்னையா?

மோட்டாரை நிறுத்தியாயிற்று. நேரே மாடிக்குப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து யாருடையது என்பதையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கையிலிருந்த டம்ளரைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு, "நீங்க எப்ப தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டாள். கையெழுத்தைப் பார்த்து இரண்டு வாரம் என்றேன். "ரெண்டு வாரமா?" என்று மட்டும் கேட்டாள். உன்னிடம் நான் கேட்க வேண்டியதை அவள் என்னிடம் கேட்டாள். நிச்சயமாகத் தெரியட்டும், தம்பி வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன் என்றால் யார் காதில் ஏறும்? காத்திருந்தது தப்பு. அந்தத் தப்பு என்னுடையது, நான் சுமக்கிறேன்.

நேரில் சொல்கிறாயா? வேண்டாம். நேரில் வந்தால் அழுவாய், நான் இளகிவிடுவேன். எழுது. என்ன அளவு, யார் மாற்றியது, எப்படி. பேனாவை எடு.

உன் மனைவிக்கு இது தெரியுமா?


மே 24

அக்கா,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்தேன், தாளை மாற்றி மறுபடி ஆரம்பிக்கிறேன்.

அந்தத் தண்ணீரை எடுத்தது நான்தான். உன் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக் கிணறு. வெள்ளைப் பாட்டிலில் எடுத்து, சீட்டு ஒட்டி, நானே கொண்டுபோனேன். நிக்கல் குடிநீரில் இருக்கலாம் என்ற அளவைப்போல் நாற்பது மடங்கு இருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அதே எண்.

மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "பாட்டில் சுத்தமா இல்லாம இருந்திருக்கும். வேற பாட்டில்ல வேற தண்ணி எடு. ரொம்ப தூரம் போக வேண்டாம்" என்றார். ரொம்ப தூரம் போக வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கிற ஆள் நான் இல்லை, அக்கா. மேலாளர் சொல்லாமல் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் ஆய்வகத்துக் குழாயைத் திறந்து நானே பாட்டிலை நிரப்பினேன். அந்தத் தண்ணீருக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்தது சொல்லத்தான். நீ வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே தெருவில் யார் யாருக்கு என்னென்ன கொடுத்தாய் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தண்ணி கேன் வாங்கு என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மேலாளர் என்னை வேலையைவிட்டு எடுத்துவிடுவார் என்ற பயம். மூன்று வீடு தள்ளித்தானே, நிலத்தடியில் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருமென்று எனக்குத் தெரியும். இதுதானே என் படிப்பு.

உன் முதல் கடிதத்தில் "புது இலை" என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நிக்கல் அதிகமானால் செடி இரும்பை எடுக்க முடியாது. புது இலை வெளுக்கும், நரம்பு பச்சையாக நிற்கும். நீ எழுதியது பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடச் சரியாக இருந்தது. உன் விரலுக்கும் குழந்தையின் தோலுக்கும் அதே காரணமாக இருக்கலாம். இலை பொடியாகவில்லை. பரிசோதித்தேன். மேலாளர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் செய்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை.

முதல் எண் இன்னும் என் பதிவு நோட்டில் இருக்கிறது. எழுதியதை அழிக்கக் கூடாது என்பது விதி. ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் புது எண் எழுத வேண்டும். கோட்டுக்குக் கீழே பழைய எண் தெளிவாகப் படிக்கலாம்.

அவளுக்குத் தெரியாது. இன்று சொல்லப் போகிறேன்.

நான் வரட்டுமா?

தம்பி


மே 29

தம்பிக்கு,

படித்தேன். மூன்று தடவை படித்தேன், உன் கருவி மாதிரி. மூன்று தடவையும் அதே கோபம்தான்.

மேலாளர், மேலாளர் என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். அவர் பெயரால் நீ ஒளிந்துகொள்ளலாம். அந்தக் குழாயைத் திறந்த கை யாருடையது? அந்த மனுஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவரை நான் வளர்க்கவில்லை. அவர் தெருவில் போகிற யாரோ. நீ யாரோ இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

பயம் என்கிறாய். பயப்படு, வேண்டாமென்றா சொன்னேன். வேலை போய்விடும் என்று எனக்கு ஒரு கடிதம் எழுதி, ரகசியமாகவாவது "தண்ணீரில் விஷம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கெட்டிக்காரி அக்கா ஏதாவது வழி பார்த்திருப்பாள். என்னையும் நம்பவில்லை. தெருவில் யார் யாருக்குக் கொடுத்தேன் என்று நான் பெருமையடித்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்பது வீடு. ஒன்றரை வருஷம். என் கையால்.

வருவதானால் இப்படி வா. முதலில் அந்த நோட்டின் பக்கத்தைப் பிரதி எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உன் பெயரைப் போட்டு எழுதிக் கொடு. மொட்டைக் கடுதாசி வேண்டாம். அதன் பிறகு வா. வந்தால் என் வீட்டுக்கு அப்புறம். ஒன்பது கதவையும் தட்டி, நீயே சொல். முதல் கதவு மாடி.

முடியாதென்றால் எழுதவும் வேண்டாம்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் விரல் எப்படி இருக்கிறது? குழந்தைக்கு எப்படி? கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் 11. உன் கடிதம் வந்ததும் அதை என் மனைவியிடம் காட்டினேன். மூன்றாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நோட்டு எங்க? வாங்க, பிரதி எடுக்கலாம்" என்றாள். அலுவலகத்துக்கும் கூடவே வந்தாள். வாங்கிக்கொண்ட எழுத்தர் இரண்டு தடவை கேட்டார், "இதுல உங்க மேலயும்தான் வரும், தெரியுதா?" என்று. தெரியும் என்றேன்.

மறுநாளே வேலை போய்விட்டது. பதினாறு வருஷம் உட்கார்ந்த மேசையைக் காலி செய்ய அரை மணி நேரம் கொடுத்தார்கள். என் ஒரு கோப்பையும் ஒரு ஸ்வெட்டரும்தான் இருந்தன.

அதிகாரிகள் உங்கள் தெருவுக்கு வந்து ஏழு கிணற்றில் தண்ணீர் எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். மாடியில் முதலில்.

தம்பி


ஜூலை 23

தம்பிக்கு,

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். நிஜமாகவே சொல்கிறேன், அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

நீ போன பிறகு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டியவன், அதனால் எழுதுகிறேன்.

பட்டறைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். ஐந்து கிணற்றில் நிக்கல், என்னுடையதில் நீ சொன்னதைவிட அதிகம். லாரியில் தண்ணீர் வருகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பட்டறையில் வேலை பார்த்த பதினோரு பேரும் சந்து முனையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று நான் கடக்கும்போது, அன்றைக்கு எனக்கு வழி விட்டாரே, அந்த ஆள், "இப்ப சந்தோஷமாம்மா?" என்று கேட்டார். அவர் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் புண். கையுறை கொடுக்கவே இல்லையாம். அவர்களையும் டாக்டரிடம் கூட்டிப்போகத் தெருவில் பேசிக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் துணி தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு வீடு இப்போது வேறு கடைக்குப் போகிறது.

திருடியின் தோல் ஆறி வருகிறது. ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டாள். போகும்போது சாவியை என் கையில் கொடுக்காமல் மெஷின்மேல் வைத்தாள்.

அன்றைக்கு நீ மாடிப் படியில் நின்று அவளிடம் பேசியதை நான் கீழே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்" என்றாய். மேலாளர் பெயரை எடுக்கவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். நீ அங்கிருந்து இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனாய். ஒன்பது வீட்டிலும் அதையேதான் சொன்னாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வீட்டில் உன் சட்டையைப் பிடித்தார்களாம். நீ அந்தக் கையைத் தட்டிவிடவில்லையாம்.

இதையெல்லாம் எழுதுவதால் நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. காலையில் எழுந்து மூடி வைத்த கிணற்றைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் புதிதாக ஒரு கோபம் வருகிறது. அது போகுமா, எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரணை ஆகஸ்ட் 9, காலை பத்தரைக்கு. தெரு முழுக்க வருகிறோம். பட்டறைக்காரரின் வக்கீல், நோட்டில் உள்ள எண் நீ பிறகு எழுதிச் சேர்த்தது என்று சொல்லப் போகிறாராம். உன்னைப் புரட்டி எடுப்பார். உனக்குப் பேச்சு தடுமாறும், தொண்டை அடைக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அடைத்தால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி, நிதானமாக மறுபடி ஆரம்பி.

என் முகத்தைத் தேடாதே. விசாரிக்கிற அதிகாரியைப் பார்த்துச் சொல். பின் வரிசையில் இருப்பேன், எனக்குக் கேட்கிற மாதிரி சொல்.

அக்கா